நான் போட்ட ஐந்து கையெழுத்துகள்

அன்றைக்கு பிரின்சிபல் அறையில் ஏழு பேர் இருந்தோம். பிரின்சிபல் மேடம், வகுப்பு டீச்சர் பிந்து, வாரத்தில் இரண்டு நாள் வந்து சில பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்கிற ஷைனி டீச்சர், பேசியதையெல்லாம் கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டிருந்த ஆபீஸ் கிளார்க் சாபு, என் வீட்டுக்காரர், நான், எங்கள் மகள் இசக்கிப்பிரியா. ஜூன் மாதம், பள்ளி திறந்த இரண்டாவது வாரம், வெளியே நல்ல மழை. ஏழு பேருக்கும் நாற்காலி இருந்தது. திருவனந்தபுரத்துக்கு வந்து பதினான்கு வருடமாகியும் எனக்குப் பழகாத விஷயம் இது. இங்கே பள்ளிக்கூடத்துக்குப் போனால் நம்மை உட்காரச் சொல்கிறார்கள். டீ வேறு வந்தது. டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு, குடித்தால் மரியாதையா, குடிக்காவிட்டால் மரியாதையா என்று யோசித்து, கடைசியில் அது ஆறிப்போயிற்று.

எங்கள் ஊர் வள்ளியூருக்குப் பக்கம். எட்டாம் வகுப்பில் என்னை நிறுத்தியபோது ஹெட்மாஸ்டர் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அப்பா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசற்படிக்கு வெளியிலேயே நின்றார். நல்லா படிக்கிற பிள்ளையை ஏன்யா நிறுத்துத என்று ஹெட்மாஸ்டர் போட்ட சத்தம் மைதானம் வரை கேட்டது. இவ பீடி சுத்துனாத்தான் சார் வீட்டுக்கு ஆகும் என்று அப்பா தரையைப் பார்த்துச் சொன்னார். அத்தோடு என் படிப்பு முடிந்தது. ஆனால் அந்த ஹெட்மாஸ்டர் மனதில் என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரிந்தது. கோபம் என்றால் கோபம்தான். இங்கே யாரும் சத்தம் போடுவதில்லை. "பேடிக்கண்டா, நமுக்கு சரியாக்காம்" என்றார் மேடம். பயப்படாதீர்கள், சரிசெய்துவிடலாம் என்று அர்த்தம். என் வாழ்க்கையில் ஒரு பள்ளிக்கூடம் என்னைப் பார்த்துப் பயப்படாதே என்று சொன்னது அன்றைக்குத்தான். அழுகை வந்துவிடும்போல இருந்தது.

இசக்கிக்கு அப்போது பதினொரு வயது, ஆறாம் வகுப்பு. பேச்சில் கெட்டிக்காரி. கிழக்கேகோட்டையில் எந்த பஸ் எந்த இடத்தில் நிற்கும் என்று எனக்கு அவள்தான் சொல்லுவாள், போர்டைப் பார்த்து அல்ல, பஸ்ஸின் முகத்தைப் பார்த்து. கடையில் மீதிச் சில்லறையை மனதிலேயே கணக்குப் பண்ணிவிடுவாள். ஆனால் எழுத்து அவளிடம் தங்காது. நேற்று படித்த எழுத்தை இன்றைக்குப் புதிதாகப் பார்ப்பாள். மூன்றாம் வகுப்பிலிருந்தே சோம்பேறி, கவனமில்லை என்று எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அரசு ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் உட்கார வைத்துச் சோதித்துப் பார்த்து, இது வாசிப்புக் குறைபாடு, புத்திக்குறைவு இல்லை என்று சர்ட்டிபிகேட் கொடுத்தார்கள். இவளுக்கு வேறு வழியில் சொல்லிக்கொடுத்தால் வாசிப்பாள், ஆனால் இடைவிடாமல் வாரா வாரம் நடக்க வேண்டும், ஹைஸ்கூல் போவதற்கு முன்னால் பிடித்துவிட வேண்டும் என்றார் அந்த டாக்டரம்மா. ஹைஸ்கூலுக்கு இன்னும் இரண்டு வருடம் என்று நான் விரலை மடக்கினேன். அந்தச் சர்ட்டிபிகேட்டைக் கொண்டுபோய்க் கொடுத்ததால்தான் அந்த ஏழு பேர் கூட்டம்.

நான்கு விஷயம் பேசி முடிவாயிற்று. செவ்வாயும் வியாழனும் ஒரு மணி நேரம் ஷைனி டீச்சர் இசக்கிக்குத் தனியாகச் சொல்லித்தருவார். அவள் முதல் பெஞ்சில் உட்காருவாள். போர்டைப் பார்த்து எழுதச் சொல்லாமல் நோட்ஸை நகல் எடுத்துக் கொடுப்பார்கள். பரீட்சைக்குக் கேள்வியை வாசித்துக் காட்டவும், அவள் சொல்லச் சொல்ல எழுதவும் ஒரு பிள்ளையை உட்கார வைப்பார்கள், அரை மணி நேரம் கூடுதலாகவும் தருவார்கள். ஷைனி டீச்சருக்கு மணிக்கணக்கில் சம்பளம் என்பதால் மாதம் தொள்ளாயிரம் ரூபாய் தனியாகக் கட்ட வேண்டும். சாபு அதையெல்லாம் அச்சடித்து, எல்லோரும் கையெழுத்துப் போட்டு, ஒரு நகல் எங்களுக்குத் தந்தார்கள். நான் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அரிசி டின்னுக்குள் வைத்தேன். வீட்டில் தண்ணீர் ஏறினாலும் நனையாத இடம் அது ஒன்றுதான்.

என் வீட்டுக்காரர் சாலை பஜாரில் ஒரு பாத்திரக் கடையில் இருக்கிறார். நான் பழவங்காடியில் ஒரு துணிக்கடையில் நைட்டி செக்ஷனில் நிற்கிறேன். வந்த புதிதில் நான் வாயைத் திறந்தாலே "பாண்டியாணல்லே" என்று சிரிப்பார்கள். தமிழ்நாட்டுக்காரியா என்று கேட்கிற மாதிரித்தான், ஆனால் அந்தச் சிரிப்பில் வேறு ஒன்றும் இருக்கும். அதனால் நான் மலையாளத்தைக் காதால் பிடித்தேன். கடைக்கு வருகிறவர்களின் இழுப்பு, மடக்கு, தலையாட்டல் எல்லாம் பழகி, நாலைந்து வருடத்தில் நான் எந்த ஊர் என்று யாரும் கண்டுபிடிக்க முடியாதபடி ஆகிவிட்டேன். அதில் எனக்குப் பெருமை இருந்தது. ஆனால் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. பில்லில் நம்பர் மட்டும் வாசிப்பேன். அதை யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

ஒவ்வொரு மாதமும் கடைசி வெள்ளிக்கிழமை பள்ளிக்கு வரச் சொன்னார்கள். தனிப்பயிற்சிக்கு ஒரு பெரிய ரிஜிஸ்டர் இருந்தது. அதில் இசக்கிக்கென்று சில பக்கங்கள், நீல மையில் வரி வரியாக மலையாளம். கீழே ஒரு கோடு. "அம்மயுடெ ஒப்பு" என்று சாபு விரலை வைத்துக் காட்டுவார், அம்மாவின் கையெழுத்து. முதல் தடவை போகும் முன்னால் கடையில் பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் என் பெயரை எழுதி எழுதிப் பார்த்தேன். கூட வேலை செய்கிற லதா சேச்சி, நாகர்கோவில் வாடிக்கையாளர்களோடு பேசிப் பேசித் தமிழ் பழகியவர், எட்டிப் பார்த்துவிட்டு, "எந்தா முத்தே, ஒரு கையெழுத்துக்கு இத்தற மேக்கப்பா? கல்யாணத்துக்குக்கூட நீ இப்படி ஒருங்கியிருக்க மாட்டே" என்றார். நானும் சிரித்தேன். என் அப்பா ரேஷன் கடையில் கைநாட்டு வைத்து, மையைத் தலைமுடியில் துடைத்துக்கொள்வார். நான் ஒரு பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் முத்துலட்சுமி என்று முழுப் பெயரும் எழுதினேன். ஜூன், ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர். ஐந்து தடவை. அந்த ஐந்து வெள்ளிக்கிழமையும் ஒரு மணி நேரம் பர்மிஷன் வாங்கி, பஸ் ஏறி, நல்ல சேலை கட்டிப் போனேன்.

எனக்குக் கவலை இல்லாமல் இல்லை. எனக்கு எதிலும் கவலைதான். பஸ் தாமதமானால் கவலை, சீக்கிரம் வந்தாலும் கவலை. ஒவ்வொரு செவ்வாயும் வியாழனும் இசக்கி வந்து பையைக் கழற்றும் முன்னால் ஷைனி டீச்சர் வந்தாங்களா என்று கேட்பேன். வந்நு அம்மா என்பாள். ஓணப் பரீட்சையில் ஐம்பதுக்கு நாலு, ஆறு என்று வந்தது. எழுதுவதற்கு ஆள் வைக்கவில்லை. அது வருடப் பரீட்சைக்குத்தான் என்று பிந்து டீச்சர் சொன்னார். காகிதத்தில் அப்படி இல்லையே என்று கேட்க வாய் வந்தது. ஆனால் அவர் என் தோளில் கையை வைத்து, சமயம் எடுக்கும் சேச்சி, கொஞ்சம் பொறுங்கள் என்றார். தோளில் கை வைத்த ஒருவரிடம் எப்படிக் கேட்பது?

நவம்பர் முதல் வியாழக்கிழமை இசக்கி சோற்றுப் பாத்திரத்தை மறந்துவிட்டுப் போய்விட்டாள். எனக்கு அன்றைக்கு வார விடுமுறை. கொண்டுபோனேன். ஸ்டாப் ரூம் வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் காக்கிக் காகிதச் சுருள், கத்தரிக்கோல். இன்னொரு பக்கம் நோட்டுப் புத்தகங்கள் இடுப்பளவுக்கு அடுக்கியிருந்தன. எல்லாம் வேறு வகுப்புப் பிள்ளைகளுடையவை. அவள் அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து வகுப்பறையிலிருந்து ஷைனி டீச்சர் குரல் கேட்டது. லீவு போட்ட யாருக்கோ பதிலாகக் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் இசக்கிக்கு ஒரே சந்தோஷம். ஒரு நோட்டைத் தூக்கிக் காட்டினாள்.

"நோக்கும்மா, ஒரு சுருக்கம்கூட இல்ல. என்னைப்போல வேற ஆருக்கும் வராதுன்னு பிந்து டீச்சர் சொல்லி."

எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். ஷைனி டீச்சருக்கு வேறு கிளாஸ் இருக்கும்போதெல்லாம் என்றாள். அது எப்போது என்று கேட்டேன். எப்பவும் உண்டு என்றாள். நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டபோது அவளுக்குக் கேள்வியே புரியவில்லை.

"நீ டீச்சர் வந்தாங்களான்னுதானே கேட்ட."

பதினொரு வயதில் நான் இலையை நறுக்கி, தூளை வைத்து, சுற்றி, நூல் கட்டிக்கொண்டிருந்தேன், பள்ளிக்கூடம் போய் வந்த மிச்ச நேரத்தில். உன்னைப்போல யாருக்கும் வராது என்று பீடிக் கடைக்காரரும் சொன்னார். எனக்கும் அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஒன்னைய நாற்காலியில உக்கார வச்சாப் போதும்ட்டி, நீ சொத்தையே எழுதிக் குடுத்துருவ" என்றார். கேலி மாதிரிதான் சொன்னார், ஆனால் முகம் அப்படி இல்லை. போய்க் கேட்டால் பிள்ளையை ஏதாவது செய்துவிடுவார்களோ என்று எனக்குப் பயம். கேட்காவிட்டால் இரண்டு வருடமும் போய்விடுமே என்றும் எனக்குத்தான். நான்கு நாள் இப்படியே போயிற்று. ஐந்தாவது நாள், திங்கட்கிழமை, அரிசி டின்னிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு போனோம்.

இந்தத் தடவையும் நாற்காலி உண்டு. ஷைனி டீச்சர் மட்டும் இல்லை. நான் காகிதத்தை மேஜையில் வைத்து, என் சுத்தமான மலையாளத்தில் எல்லாம் சொன்னேன். மேடம் கடைசிவரை கேட்டார். பிறகு ரிஜிஸ்டரைக் கொண்டுவரச் சொன்னார். இசக்கியின் பக்கங்களைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தார். தேதி, நேரம், அன்றைக்கு என்ன சொல்லிக்கொடுத்தது, பிள்ளை எப்படிச் செய்தாள், எல்லாம் எழுதியிருக்கிறது என்றார். ஒவ்வொரு செவ்வாயும். ஒவ்வொரு வியாழனும். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர்களும் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"இது அம்மயுடெ ஒப்பல்லே?"

ஆமாம், என் கையெழுத்துதான். ஐந்தும் ஒன்றுபோல, வளைவு பிசகாமல், அழகாக இருந்தன. மேடம் ஒவ்வொரு மாதமும் பார்த்து ஒத்துக்கொண்டு போட்டிருக்கிறீர்களே என்றார். எனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது என்று சொன்னேன். இந்த ஊரில் பதினான்கு வருடத்தில் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னது அதுதான். மேடத்தின் முகத்தில் தெரிந்தது பொய் இல்லை. உண்மையாகவே ஆச்சரியம்.

"இத்ர நன்னாயிட்டு மலையாளம் பறயுன்ன ஆளல்லே நிங்ஙள்?"

இவ்வளவு நன்றாக மலையாளம் பேசுகிற ஆள்தானே நீங்கள் என்று கேட்டார். சாபு கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிந்து டீச்சர் ஜன்னலைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அவருக்கும் அன்றைக்குத்தான் விளங்கியிருக்க வேண்டும், வகுப்பு ஒழுங்காக நடக்கிறது என்று நான் ஒவ்வொரு மாதமும் போய் வந்து சொன்னது எதை வைத்து என்று. நான் பேசத் தெரியாதவளாக, தடுமாறுகிறவளாக, பாண்டியாகவே இருந்திருந்தால் யாராவது அந்தப் பக்கத்தை எனக்கு வாசித்துக் காட்டியிருப்பார்களோ? எங்களைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று நான் பாடுபட்டுப் பழகிய பேச்சு, என் பிள்ளைக்குக் குழி தோண்டிவிட்டது. இதை வாசிக்கிற, என்னைப்போல வெளியூரில் பிழைக்கிற பெண்கள் யாராவது இருந்தால் சொல்கிறேன். தெரியாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

மேடம் கோபப்படவில்லை. நடந்தது நடந்துவிட்டது, இனி முறையாக நடக்கும் என்றார். நவம்பர் வரை கட்டிவிட்டோம், இனிமேல் கட்ட வேண்டிய பணத்தைப் பற்றிக் கேட்டதற்கு அதைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்றார். எங்கள் ஊரில் கொடுக்கல் வாங்கலில் ஒருவர் அப்படிச் சொன்னால் அதை விட்டுவிட்டார் என்று அர்த்தம். நாங்கள் அப்படித்தான் எடுத்துக்கொண்டோம்.

அன்றைக்குத் திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில் ஷைனி டீச்சர் நின்றிருந்தார். வேறொரு பள்ளியிலிருந்து இன்னொரு பள்ளிக்குப் போகிற வழி. அவர் பாறசாலைப் பக்கம், தமிழ் பேசுவார். அவரைக் கேட்பதற்கென்று நான் நான்கு நாளாக வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன்.

"அக்கா, எழுதினது நான்தான்" என்றார் அவரே முதலில். "ஆளில்லாத கிளாஸுக்கெல்லாம் என்னைத்தான் விடுவாங்க. ரிஜிஸ்டர் எழுதாட்டி எனக்கு மணிக்கூர் காசு கிடையாது. மோளுக்கு நான் துரோகம் செஞ்சிட்டேன்."

அவர் செருப்பின் வார் அறுந்து, ஊக்கு குத்தியிருந்தது. பஸ் வருகிறது பாருங்கள் டீச்சர் என்று மட்டும் சொன்னேன். சேர்த்து வைத்த வார்த்தை இன்னும் எனக்குள்தான் கிடக்கிறது.

அதற்கப்புறம் மூன்று வாரம் நடந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். மூன்று வாரம், ஆறு வகுப்பு. ஷைனி டீச்சர் மணலில் எழுதவைத்து, எழுத்தைக் கையால் தடவ வைத்து, சத்தத்தைப் பிரித்துப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தார். மூன்றாவது வாரம் சாலை பஜாரில் நடந்து வரும்போது இசக்கி ஒரு கடைமுன் நின்று, போர்டை அண்ணாந்து பார்த்து, உதட்டை அசைத்து அசைத்து, "சா...ய" என்றாள். சாயா. டீக்கடை போர்டு. நான் வாசிக்க முடியாத எழுத்தை என் மகள் வாசித்தாள். சரியா என்று கேட்டாள். சரி என்றேன். எனக்கு எப்படித் தெரியும்? உள்ளே டீ ஆற்றிக்கொண்டிருந்ததை வைத்துச் சொன்னேன்.

பிறகு கலோத்சவம் வந்தது. பிள்ளைகளின் ஆடல் பாடல் போட்டி, எந்தப் பள்ளிக்கும் பெரிய திருவிழா. ஷைனி டீச்சரைப் பிள்ளைகளுக்கு ஒப்பனை போடவும் கூட்டிப்போகவும் எடுத்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் கிறிஸ்மஸ் விடுமுறை. ஜனவரியில் யாரோ டீச்சர் பிரசவ லீவு. நான் வாரம் ஒரு தடவை போன் செய்தேன். நோக்காம் சேச்சி என்றார்கள், பார்க்கலாம் என்று. பிப்ரவரியில் போனை எடுப்பதை நிறுத்தினார்கள். மனு எழுதிக் கொடுத்தேன், லதா சேச்சி மலையாளத்தில் எழுதித் தந்தார். ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை வாசித்துக்காட்டச் சொல்லி, பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை குத்தித் தந்தார்கள். அவ்வளவுதான்.

மார்ச்சில் வருடப் பரீட்சை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி இசக்கிக்காக எழுதுவாள் என்று உறுதியாகச் சொன்னார்கள். முதல் நாள் அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல். அடுத்த நாளும் வரவில்லை. வேறு ஆள் வைக்கவில்லை. ஆனால் கூடுதல் அரை மணி நேரத்தைத் தவறாமல் கொடுத்திருக்கிறோம் என்று பிந்து டீச்சர் பிற்பாடு சொன்னார். அதில் அவருக்கு ஒரு நிம்மதி இருந்தது.

மே மாதம் விடைத்தாளைக் காட்டினார்கள். இசக்கி காலியாக விடவில்லை. மார்ஜின் போட்டு, கேள்வித்தாளில் இருந்த கேள்விகளை முதலிலிருந்து அப்படியே பார்த்து எழுதியிருந்தாள். எழுத்து எழுத்தாக, படம் வரைவது மாதிரி. ஒரு அடித்தல் இல்லை. ஏழாவது கேள்வியின் பாதியில் நின்றிருந்தது. அதற்குள் அந்தக் கூடுதல் அரை மணி நேரமும் முடிந்திருக்கிறது. ஏன்ட்டி இப்படி எழுதினே என்று கேட்டேன். மற்ற பிள்ளைகள் எழுதிக்கொண்டே இருந்தார்கள், நான் மட்டும் சும்மா இருந்தால் டீச்சருக்கு வருத்தமாக இருக்குமே என்றாள். வீட்டுக்காரர் விடைத்தாளை வாங்கி, மடித்து, சட்டைப்பைக்குள் வைக்கப்போனார். தர முடியாது, அது பள்ளியின் ரெக்கார்டு என்று திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

அவளை எப்படியும் ஏழாம் வகுப்புக்கு ஏற்றிவிட்டார்கள். இங்கே தோற்கடிப்பதில்லை. அதற்கப்புறம்தான் டி.சி. கேட்போம் என்று முடிவு செய்தோம். கொஞ்ச தூரத்தில் ஒரு அரசுப் பள்ளியில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று நிரந்தரமாக ஒரு டீச்சர் இருப்பதாக லதா சேச்சி விசாரித்துச் சொன்னார். வள்ளியூரில் இருக்கிற என் தங்கச்சி அங்கேயும் ஒரு பள்ளி இருக்கிறது, நீ பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு அக்கா, அத்தான் மட்டும் திருவனந்தபுரத்தில் இருக்கட்டும் என்கிறாள். அந்தப் பள்ளியின் விண்ணப்பம் தமிழில் இருக்கிறது. எனக்கு ஒவ்வொரு வரியும் புரிகிறது. இசக்கி அதைப் பார்த்துவிட்டு, இந்த எழுத்துக்கு முகமே இல்லையே அம்மா என்றாள். ஆறு வகுப்பில் அவள் கையால் தடவிப் பழகியது வேறு எழுத்து. இங்கே இருந்தால் அவள் வாசிப்பது எனக்குத் தெரியாது. அங்கே போனால் முதல் எழுத்திலிருந்து எனக்குத் தெரியும், அவளுக்கு எல்லாம் மறுபடி முதலிலிருந்து. இன்னும் ஒரு வருடம்தான் மிச்சம். எந்தப் பக்கம் போனாலும் டி.சி. வேண்டும்.

போன திங்கட்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். சாபு டி.சி.யைத் தயாராக அடித்து வைத்திருந்தார். சரிபார்க்கச் சொல்லி மேஜையில் எங்கள் பக்கம் நகர்த்தினார். முழுக்க மலையாளம். நான் சாபுவிடம், எனக்கு வாசிக்கத் தெரியாது என்றேன். இப்போது அதைச் சொல்வதற்கு வெட்கமில்லை. இசக்கி குனிந்து, காகிதத்தின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போய், ஒரு இடத்தில் நிறுத்தினாள். இது நான்தான் அம்மா என்றாள். அவள் பெயர். அதற்கு மேலும் கீழும் எழுதியிருந்தது என்னவென்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. கையை நீட்டினேன். சாபு காகிதத்தைக் கொடுக்காமல் மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. தனிப்பயிற்சிக் கட்டணம், டிசம்பர் முதல் மார்ச் வரை, நாலு மாதம், கட்டவில்லை என்றார். அதைக் கட்டிய பிறகுதான் டி.சி. தரச் சொல்லியிருக்கிறார்கள். அந்த நாலு மாதத்தில் ஒரு வகுப்பும் நடக்கவில்லையே என்றேன். ரிஜிஸ்டரில் உண்டு சேச்சி என்றார். இந்தத் தடவை என் கையெழுத்து இல்லையே என்றேன். அவர் திரையின் அடியில் விரலை வைத்துக் காட்டினார். திரையில் எழுத்து எதுவும் எனக்கு விளங்கவில்லை, எண்ணை மட்டும் வாசித்தேன். பாக்கி 3,600 ரூபாய்.